கணினிக்குச் செப்பு வோட்டர் புளொக் செய்விக்க இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

யாழ்ப்பாணத்து வெக்கையில் காற்றாடியை மட்டும் நம்பியிராமல், கணினிக்கு நீர்க்குளிரூட்டல் அமைத்துப் பார்க்கும் இளையோர் சிலரை நான் அறிவேன். நான் இழந்ததை அவர்களும் இழந்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நகரை அண்டிய ஒரு லேத் பட்டறை, நான் கொடுத்த நல்ல செம்பை வைத்துக்கொண்டு, பித்தளைக் கட்டையின் அடியில் மெல்லிய செப்புத் தகட்டைப் பற்றவைத்து, முழுச் செம்பு என்று சொல்லி என்னிடம் தந்தது.

கணினியின் கணக்குகளைச் செய்யும் சில்லான புரொசசரின் மேல் அமர்ந்து அதன் சூட்டை ஓடும் நீருக்குக் கடத்தும் கட்டையைத்தான் வோட்டர் புளொக் என்கிறோம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் அனுப்புகூலியும் சுங்கமும் சேர்ந்து கட்டுப்படியாகாது என்பதால் இங்கேயே செய்விக்கத் தீர்மானித்தேன். பழைய மின்பலகையொன்றில் இருந்து கழற்றிய செப்புப் பட்டையில், 60 மில்லிமீற்றர் சதுரமும் 10 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள துண்டொன்று கிடைத்தது. செம்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம், அக்கணக்கில் அத்துண்டு ஏறத்தாழ 322 கிராம் இருக்கவேண்டும், தராசும் அதையே காட்டியது. அதன்பின் வரைபடம் கீறி, அடித்தளம் 3 மில்லிமீற்றர் இருக்கவேண்டும், அதற்கு மேல் ஒடுங்கிய வாய்க்கால்கள் வெட்டப்படவேண்டும், மூடி அக்ரிலிக்கில் அமைந்து நீர் கசியாமல் தடுக்கும் ஓ றிங் என்ற றப்பர் வளையம் வைத்துத் திருகாணிகளால் பூட்டப்படவேண்டும், நீர் புகும் துளையிலும் வெளியேறும் துளையிலும் அங்குலத்துக்கு 19 புரி கொண்ட கால் அங்குலக் குழாய்க்குரிய ஜி வகைப் புரி போடவேண்டும் என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தேன். பட்டறை உரிமையாளர் வாசித்துப் பார்த்து, எல்லாம் செய்யலாம் என்றார்.

சொன்ன நாள் பல தடவை தள்ளிப்போன பின்பு கைக்கு வந்த கட்டையில் அக்ரிலிக் மூடி இல்லை. அதற்குப் பதிலாகப் பித்தளை மூடி வைத்து நான்கு பக்கமும் ஈயத்தால் அடைத்திருந்தார்கள். அக்ரிலிக் வெடித்துவிடும், இதுதான் உறுதி என்று விளக்கமும் சொன்னார்கள். உள்ளே வாய்க்கால் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, எந்த உலோகத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க முடியாதபடி செய்வதற்கே அந்த அடைப்பு என்பது எனக்குப் பின்னரே விளங்கியது. கணினிக்குள் பூட்டுவதற்கு முன், மேசையில் வைத்து பம்பை இணைத்து நீரை ஓடவிட்டபோது, ரியூப்பைக் கட்டையோடு இணைக்கும் பிற்றிங் இரண்டும் கசிந்தன. அளந்து பார்த்தால், நான் கேட்ட புரிக்குப் பதிலாக 14 மில்லிமீற்றர் ஆணிக்குரிய புரியைப் போட்டிருந்தார்கள். ஜி வகைப் பிற்றிங்கின் வெளிவிட்டம் 13.16 மில்லிமீற்றர்தான், அது அந்தத் துளைக்குள் ஆடாமல் என்ன செய்யும்? திருப்பிக் கொண்டுபோனதற்கு, வெள்ளை ரேப்பைச் சுற்றி முறுக்கி இறுக்கித் தந்ததே அவர்கள் செய்த திருத்தம்.

கசிவு நின்றதை உறுதிசெய்த பின் கணினியில் பூட்டினேன். சும்மா இருக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் காணொளி ஒன்றை மாற்றியமைக்கக் கொடுத்ததும் வெப்பநிலை 95 பாகையைத் தாண்டி, புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கியது. புரொசசருக்கும் கட்டைக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசும் தேமல் பேஸ்ற்றைத் துடைத்துப் புதிதாகப் பூசியும் பயனில்லை. நீர் திரும்பி வரும் ரியூப்பைத் தொட்டபோது அது வெதுவெதுப்பாகக்கூட இல்லை. இந்த அடையாளத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கவேண்டும்: நீரும் சூடாகிப் புரொசசரும் சூடானால் குறை, நீரின் சூட்டைக் காற்றுக்கு விடும் றேடியேற்றரில் அல்லது காற்றாடியில் இருக்கலாம், புரொசசர் கொதிக்க நீர் குளிர்ந்தே கிடந்தால், பம்பும் ஒழுங்காக ஓடுமானால், சூடு கட்டையைக் கடந்து நீருக்குப் போகவில்லை. சில நாட்களில் நீரும் இளம் பச்சையாக மாறியது. நான் ஊற்றியிருந்தது பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர். நம்முடைய கிணற்று நீராயிருந்தால் சுண்ணாம்பின் மேல் பழி போட்டிருக்கலாம்.

கட்டையைக் கழற்றி, இரும்பு அறுக்கும் வாளால் குறுக்கே அறுத்தேன். முதலில் விழுந்த தூள் செம்மையாக இருந்தது. நகத்தின் கனம்கூட ஆழம் போகவில்லை, அதற்குள் சாம்பல் நிறத்தில் ஈயக் கோடு ஒன்று வந்தது, அதைத் தாண்டியதும் தூள் முழுவதும் மஞ்சளாக விழத் தொடங்கியது. வெட்டு முகத்தை அரத்தால் தேய்த்துப் பார்த்தபோது, தகட்டுக்கும் பித்தளைக்கும் இடையில் ஈயம் பாதியளவே பரவியிருந்தது. மீதி வெறும் காற்று. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீற்றர் கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாற் என்றால், பித்தளையினது அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. காற்றோ சூட்டைக் கடத்துவதே இல்லை எனலாம். வாய்க்கால்களின் மூலையில் பற்றவைக்கப் பூசிய அமிலப் பசை கழுவப்படாமல் காய்ந்து பச்சைபிடித்துக் கிடந்தது. நீரின் நிறம் மாறிய காரணம் அதுதான்.

அறுத்த துண்டுகளை உரிமையாளரின் முன் வைத்தபோது அவர் மறுக்கவில்லை. “தம்பி, தண்ணி ஓடினாச் சூடு இறங்கும்தானே, செம்பென்ன பித்தளையென்ன” என்றார். என் செம்பு எங்கே என்று கேட்டேன். வேலையில் வீணாகிப் போய்விட்டது என்றார். வீணாகியிருந்தால் அதன் தூளாவது இருக்கவேண்டும் அல்லவா? அதற்குப் பதில் வரவில்லை. நல்ல கைவேலைக்காரர்கள் பலர் உள்ள ஊர் இது. தெரியாத வேலையை முடியாது என்று சொல்லியிருந்தால் நான் நன்றியோடு திரும்பியிருப்பேன். ஒப்படைத்த பொருளை மாற்றிவிட்டு அதன் மேல் கூலியும் வாங்கியதையே என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே செம்பைக் கொடுக்குமுன், வெட்டுப்படாத ஒரு பக்கத்தில் ஆணிக்குத்தியால் உங்கள் அடையாளத்தை ஆழமாகப் பதியுங்கள். எடையை இருவரும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வெட்டிய தூளும் உங்களுக்கே வரவேண்டும் என்று முதலிலேயே பேசுங்கள். மூடியை அடைக்குமுன் வாய்க்கால்களை நேரில் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்கவேண்டாம். பிற்றிங் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே பூட்டிப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வாகனத்து அலுமினிய றேடியேற்றரைச் செப்புக் கட்டையோடு சேர்த்துப் பூட்டுமாறு அதே பட்டறையில் எனக்கு ஆலோசனையும் சொன்னார்கள். அவ்விரு உலோகங்களும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும், அதைக் கேட்கவேண்டாம்.

எனக்குக் கிடைத்த பற்றுச்சீட்டில் “லேத் வேலைக் கூலி” என்று மட்டுமே இருக்கிறது, செம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் கொடுக்கும் உலோகத்தின் பெயரும் எடையும் பற்றுச்சீட்டில் எழுதப்படவேண்டும் என்று வற்புறுத்துங்கள். வரைபடத்தின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் இணைத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். அச்சபையை 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் அழைக்கலாம். முறைப்பாடு முடியும்வரை பட்டறையின் பெயரை வெளியிடப்போவதில்லை. அறுத்த இரு பாதிகளும் என்னிடம் இருக்கின்றன. இதே வேலைக்குச் செம்பு கொடுக்க எண்ணியிருப்பவர்கள் நேரில் பார்க்க விரும்பினால் தகவல் அனுப்புங்கள், காட்டுகிறேன்.