68,500 ரூபாய் போச்சு: மூட்டு வலிக்கு "மையம்" தேடிப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்று மதியம்தான் அந்த இடத்திலிருந்து திரும்பி வந்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும், யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் எழுதவில்லை. எழுதினால் நோட்டீஸ் அனுப்புவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். முட்டி, இடுப்பு, கழுத்து எல்லாவற்றுக்கும் "ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு" என்று ஃபேஸ்புக்கிலும் ஆட்டோ முதுகிலும் விளம்பரம் போடுகிற ஒரு வலி நிவாரண மையம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

அம்மாவுக்கு 63 வயது. சத்துணவு மையத்தில் 27 வருடம் அடுப்படியில் நின்று வேலை பார்த்தவர். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "இப்போ ஆபரேஷன் அவசரம் இல்லை, எடையைக் குறைங்க, தொடைக்குப் பயிற்சி செய்யுங்க, ரொம்ப முடியாமப் போனா பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ராத்திரி அம்மா முனகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த எனக்கு, ஒன்றுமே செய்யாமல் அனுப்பிவிட்டார்களே என்றுதான் இருந்தது. அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

முதல் நாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன். நாங்கள் ஏமாந்தது அங்கேதான்.

வெள்ளை கோட் போட்ட ஒருவர், நாற்பது வயது இருக்கும், அறைக்குள் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். செருப்பை அவரே கழற்றி ஓரமாக வைத்தார். குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கி, முட்டியை மெதுவாக மடக்கி நீட்டி, "எத்தனை பிள்ளைகளுக்குச் சமைச்ச கால்மா இது" என்றார். அம்மா அழுதுவிட்டார். இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்ததில்லை என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகு அவரிடம் "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்" என்று எப்படிக் கேட்பது? எனக்கு வாய் வரவில்லை.

தேய்ந்த ஜவ்வு திரும்ப வளரும் என்றார். ஆறு ஊசி, இருபது நாள் பிசியோ, ஒரு பெல்ட். எல்லாம் சேர்த்து 82,000, இன்றைக்கே கட்டினால் 60,000 என்று வெளியே இருந்த பெண் சொன்னார். முதல் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் தனியாக 8,500. ஆக 68,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம் 40,000 கையில் இருந்தது. மீதிக்கு என் செயினை அடகு வைத்தேன். ஜிபே பண்ணும்போது திரையில் மையத்தின் பெயர் வரவில்லை, ஏதோ "டிரேடர்ஸ்" என்று வந்தது. கேட்டேன். "அது அக்கவுண்ட் பேரு மேடம், எல்லாரும் அதுலதான் போடுறாங்க" என்றார் அந்தப் பெண். போட்டுவிட்டேன்.

முதல் ஊசிக்கு அப்புறம் அம்மா நடந்தார். மூன்றாம் நாள் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோலம் போட்டார். இரண்டு வருடத்துக்கு அப்புறம். அக்கம்பக்கத்தில் நானே நாலு பேரிடம் அந்த மையத்தைப் பற்றிச் சொன்னேன், அதில் ஒருவர் போய்ப் பணமும் கட்டிவிட்டார். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

நாலு வாரத்துக்குள் மூன்று ஊசி போட்டார்கள். மூன்றாவது ஊசிக்கு மறுநாள் அம்மாவுக்கு நாக்கு வறண்டு, தலை சுற்றி, ராத்திரி முழுக்க சிறுநீர். வீட்டு மீட்டரில் 384. முட்டி வீங்கிச் சூடாக இருந்தது. மையத்துக்கு போன் செய்தேன். "சார் மீட்டிங்ல இருக்கார், வாட்ஸ்அப்ல போடுங்க." போட்டேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. சாயங்காலம் மறுபடி. "வீக்கம் வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் மேடம்." மூன்றாம் நாள் நேரில் போனால், "அம்மா ஸ்வீட் சாப்பிட்டிருப்பாங்க." அம்மா தீபாவளிக்குக்கூட ஸ்வீட் தொடாதவர்.

வேறு ஒரு எலும்பு மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "முட்டிக்குள்ள என்ன ஊசி போட்டாங்க?"

என்னிடம் பதில் இல்லை. 68,500 கொடுத்திருக்கிறேன், பெற்ற தாயின் முட்டிக்குள் மூன்று தடவை ஏற்றிய மருந்தின் பெயர் எனக்குத் தெரியவில்லை. ரசீதை எடுத்து நீட்டினேன். "வலி நிவாரண ஊசி - 1, வலி நிவாரண ஊசி - 2" என்று எழுதியிருந்தது. மருந்துச் சீட்டு என்று எதுவுமே தரவில்லை. ரசீதின் கீழே யாருடைய பதிவு எண்ணும் இல்லை. அந்த மருத்துவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டாக இருக்கலாம். அது போட்டால் சில நாள் வலி நன்றாகக் குறையும், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏறும். ஆனால் சாதாரணமாக ஒரே மூட்டில் மூன்று மாதமாவது இடைவெளி விட்டுத்தான் போடுவோம். காகிதம் இல்லாமல் நான் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது" என்றார். முட்டியிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி இல்லை என்று வந்தது, அந்த மட்டும் தெய்வம் காப்பாற்றியது.

அன்றைக்கு ராத்திரி, முதல் நாள் அம்மாவை அந்த வரவேற்பறையில் நிற்க வைத்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் சுவரில் நாலு ஃபிரேம். அன்றைக்கு அதையெல்லாம் அரசாங்க லைசென்ஸ் என்றுதான் நினைத்தேன். ஒன்று ஐஎஸ்ஓ சான்றிதழ். ஒன்று மாநகராட்சி தொழில் உரிமம். ஒன்று ஏதோ விருது. நாலாவது உதயம் பதிவு, அதாவது சிறுதொழில் என்று ஆதார் எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆன்லைனில் எடுக்கிற பதிவு. மாவு மில்லும் அதை எடுக்கலாம். இருந்திருக்க வேண்டிய ஒன்றுதான் அங்கே இல்லை.

தமிழ்நாட்டில் 1997லேயே மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருக்கிறது. அதற்கான விதிகள் 2018இல் வந்தன. நோயாளிக்குச் சிகிச்சை தருகிற இடம் எதுவாக இருந்தாலும், மையம், கிளினிக், சென்டர் என்று என்ன பெயர் வைத்தாலும் பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். அந்தப் பதிவுச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன: கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும்கூட தன் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைப் போட வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் 68,500 ரூபாய் போன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

எங்கள் சித்தப்பாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தபோது மார்ஃபின் மாத்திரை வாங்கியது ஞாபகம் வருகிறது. அதைக் கொடுப்பதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில்தான் கிடைத்தது. செவிலியர் ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணி, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அலைச்சலாக இருக்கிறதே என்று அன்றைக்கு அலுத்துக்கொண்டேன். வலியை வைத்து யாரும் விளையாடிவிடக் கூடாது என்றுதான் அத்தனை கணக்கு. வலி மருத்துவம் நிஜமான துறைதான். மயக்கவியல் படித்துவிட்டு அதற்கென்று மேற்பயிற்சி எடுத்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஊசி போட்டால் என்ன மருந்து, எத்தனை மில்லி என்று எழுதித் தருவார்கள். எனக்கு அவர்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவர்களுடைய பெயரில் இப்படிக் கடை விரிக்கிறவர்கள் மேல்தான் வயிறு எரிகிறது.

சரி, இன்றைக்கு நடந்தது. எழுதி எடுத்துக்கொண்டு போனேன்: போட்ட மருந்தின் பெயர், அளவு, போட்டவரின் பெயர், பதிவு எண், மீதிச் சிகிச்சைக்கான பணம். வரவேற்பில் இப்போது வேறு பெண். பழைய பெண் வேலையை விட்டுவிட்டாராம். "பேக்கேஜ் அமவுண்ட் ரீஃபண்ட் கிடையாது மேடம், ரசீதுக்குப் பின்னாடி இருக்கு பாருங்க." பார்த்தேன். எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது. ஊசியின் பெயர் கேட்டேன். "அது எங்க ஃபார்முலா, வெளியே சொல்ல மாட்டோம்." சாரைப் பார்க்க வேண்டும் என்றேன். வெளியூர். எப்போது வருவார்? தெரியாது. அவர் மருத்துவர்தானா? "சார் பெயின் ஸ்பெஷலிஸ்ட்." பதிவு எண்? "ஏன் மேடம் சத்தம் போடுறீங்க, மத்த பேஷண்ட் எல்லாம் பார்க்கிறாங்க."

நான் சத்தம் போடவில்லை. மற்ற நோயாளிகள் பார்த்தார்கள் என்பது உண்மை. என் அம்மா வயதில் ஒருவர், கையில் மஞ்சப்பையோடு, பில் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் "பாட்டி, என்ன ஊசின்னு கேட்டுட்டுக் கட்டுங்க" என்றேன். அதற்குள் ஒரு ஆள் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். அந்தப் பாட்டி கட்டினாரா இல்லையா தெரியவில்லை.

காலையிலிருந்து சாப்பிடவில்லை, அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். விவரமாக எழுத முடியவில்லை, முக்கியமானதை மட்டும் போடுகிறேன்.

சுவரில் ஃபிரேம் இருந்தால் கிட்டே போய்ப் படியுங்கள். மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஊசி போடப் போகிறவரின் பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் தேடுங்கள். உண்மையான மருத்துவர் கோபப்பட மாட்டார்.

மருந்தின் பெயரை எழுதித் தராத ஊசி வேண்டாம். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வேண்டாம்.

மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். "இன்றைக்கே கட்டினால்" என்று சொன்னால் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள்: இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், மருத்துவச் சேவையும் அதில் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, ஜிபே படம், வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள்.

கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேசையில் கடிதம் இருக்கும்போதே படம் எடுத்தேன், மணி 12:50. வரும் வழியில் இன்னொரு பிரதியை ஸ்பீடு போஸ்ட்டில் போட்டேன். அவர் மருத்துவராக இருந்தால் 72 மணி நேரத்தில் குறிப்புகளைக் கொடுத்தாக வேண்டும். மருத்துவரே இல்லையென்றால், அதை இணை இயக்குநருக்கு எழுதும் மனுவின் முதல் வரியாகப் போடப் போகிறேன். இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை 12:50க்குக் கெடு முடிகிறது.