ஒரே விதியா, பரஸ்பர ஏற்பா, சோதனையை மட்டும் நம்புவதா? தொலைதூர வர்த்தகக் கூட்டாளிகளுக்கு எது பொருந்தும்?

வர்த்தக ஒப்பந்தம் என்றதும் எல்லோரும் சுங்கவரியைத்தான் பேசுகிறார்கள். ஆனால் வரி இறங்கிய பிறகும் சரக்கு தேங்கி நிற்பதுண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு நாட்டில் இரண்டு சோதனை, இரண்டு சான்றிதழ், ஒரே தொழிற்சாலைக்கு இரண்டு ஆய்வு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும், சிறிய ஏற்றுமதியாளர் அந்தச் சந்தையையே விட்டுவிடுவார். பக்கத்து நாடுகளின் அதிகாரிகள் அடிக்கடி கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கடல் கடந்த கூட்டாளிகளுக்கு அது எளிதல்ல. அவர்கள் முன்னால் முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. அதிகம் பேசப்படாத மூன்றாவது வழிதான் அவர்களுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

முதல் வழி, எல்லோருக்கும் ஒரே விதி. இதற்கு நல்ல உதாரணம் வாகனத் துறை. 1958-ல் ஜெனீவாவில் உருவான ஐ.நா. ஒப்பந்தப்படி, பொது விதியை ஏற்ற ஒரு நாடு ஒப்புதல் கொடுத்த விளக்கையோ பிரேக்கையோ அதே விதியை ஏற்ற மற்ற நாடுகள் மறுபடி சோதிக்காமல் ஏற்க வேண்டும். ஐரோப்பாவில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் 1998-ல் ஜப்பான் சேர்ந்தது, 2000-ல் ஆஸ்திரேலியா. அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை. அங்கே தன் வாகனம் விதிப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளரே சான்றளிப்பார். அரசு பிறகு சோதித்துப் பார்த்து, குறை இருந்தால் திரும்பப் பெற வைக்கும். விற்பனைக்கு முன்பே அரசு ஒப்புதல் தரும் ஐரோப்பிய முறையோடு இது அடிப்படையிலேயே ஒட்டாது. விதிகளும் வேறு: பின்பக்க இண்டிகேட்டர் அமெரிக்காவில் சிவப்பாகவும் இருக்கலாம், ஐ.நா. விதியில் ஆரஞ்சு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவையும் உள்ளே கொண்டுவர 1998-ல் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் பொதுவான தொழில்நுட்ப விதிகள் உண்டு, பரஸ்பர ஒப்புதல் கிடையாது.

இரண்டாவது வழியில் விதிகள் வேறாகவே இருக்கும். கிடைக்கும் பாதுகாப்பு சமம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும். கால்நடைப் பொருட்களுக்காக ஐரோப்பிய ஒன்றியமும் நியூசிலாந்தும் 1996-ல் இப்படி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இரு தரப்பும் உலகின் இரு கோடிகளில் இருந்தாலும் அது நிலைத்திருக்கிறது. பண்ணைப் பொருள் ஏற்றுமதியை நம்பி வாழும் நியூசிலாந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ளாது. கோமாரி நோய் ஒருமுறைகூட வராத நாடு என்ற பெயரும் அதற்கு உண்டு.

ஆனால் மக்களின் மனநிலையே வேறுபடும் இடத்தில் இந்த வழி உடைந்துவிடுகிறது. ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பா 1989 முதல் தடுத்தது. போதுமான அபாய மதிப்பீடு இல்லை என்று 1998-ல் உலக வர்த்தக அமைப்பு ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தடை அப்படியே நீடித்தது. அத்தகைய இறைச்சியை விற்கும் அமெரிக்கா 1999-ல் ஐரோப்பியப் பொருட்கள் மீது பதில் வரி போட்டது. கடைசியில் 2009-ல், ஹார்மோன் இல்லாத இறைச்சிக்குத் தனி இறக்குமதி ஒதுக்கீடு என்று சமரசம் வந்தது. என்னைப் பொறுத்தவரை ஐரோப்பிய நுகர்வோரின் தயக்கத்தை வெறும் வர்த்தகத் தடை என்று ஒதுக்குவது நியாயமல்ல. தன் தட்டில் என்ன வரலாம் என்று முடிவுசெய்யும் உரிமை மக்களுக்கு இருக்கிறது. 2013-ல் தொடங்கிய அமெரிக்க-ஐரோப்பிய பெரும் ஒப்பந்தப் பேச்சு 2016-ல் நின்றுபோனதில் இதே போன்ற அச்சங்களுக்கும் பங்கு உண்டு. கிருமி நீங்க அமெரிக்காவில் குளோரின் நீரில் கழுவிய கோழி அந்த அச்சத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

மூன்றாவது வழியின் ஆசை சிறியது. உன் விதி உனக்கு, என் விதி எனக்கு. ஆனால் உன் ஆய்வாளர் பார்த்துச் சொன்னதை நான் ஏற்கிறேன். இதுவும் ஒரே நாளில் வந்துவிடாது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 1998-லேயே இப்படி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தொலைத்தொடர்புக் கருவிகளில் அது வேலை செய்தது. மருந்துத் தொழிற்சாலை ஆய்வு பற்றிய பகுதியோ ஏறக்குறைய இருபது வருடம் காகிதத்திலேயே கிடந்தது. கையெழுத்துப் போட்டது வர்த்தகத் தரப்பு. ஒரு மாத்திரையால் உயிர் போனால் பதில் சொல்ல வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. பார்க்காத ஆய்வை அது எப்படி நம்பும்?

வெளிநாட்டு ஆய்வை ஏற்க இடம்தரும்படி 2012-ல் அமெரிக்கச் சட்டம் மாறிய பிறகுதான் வழி திறந்தது. 2014 முதல் அமெரிக்க அதிகாரிகள் ஐரோப்பிய நாடுகளுக்குப் போய், அங்குள்ள ஆய்வு அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று கூடவே இருந்து கவனித்தார்கள். 2017 நவம்பரில் எட்டு நாடுகள் தேறின. 2019 ஜூலையில், அப்போதிருந்த 28 உறுப்பு நாடுகளும் முடிந்தன. ஒரே ஆலைக்கு இரண்டு ஆய்வுக் குழு போவது குறைந்தது. மிச்சமான ஆட்களை அபாயம் அதிகமுள்ள வேறு ஆலைகளுக்கு அனுப்ப முடிகிறது. எந்தத் தரப்பும் தன் தரவிதியில் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நான் இந்த வழிக்கு ஆதரவு தர இதுவே முதல் காரணம்.

குறை இல்லாமல் இல்லை. விதிகள் வேறாகவே இருப்பதால், இரண்டு விதமாகத் தயாரிக்கும் செலவு தயாரிப்பாளரை விடாது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. நல்ல ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் இல்லாத ஏழை நாடு இந்த வட்டத்துக்குள் நுழையவே முடியாது. வரியைக் குறைப்பதாக அறிவிக்கும் பணக்காரக் கூட்டாளி, அந்த ஆய்வுக்கூடத்தைக் கட்டவும் ஆட்களைப் பழக்கவும் ஒப்பந்தத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும்.