அரசு மானியம் பெறும் முதியோர் இல்லமும் குடும்பத்தாரிடம் கேட்கப்படும் மாதத் தொகையும்

சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குச் செல்லும் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில், பிள்ளைகள் இல்லாத என் பெரியம்மா கடந்த ஆண்டு முதல் தங்கியிருக்கிறார். அவர் இன்னும் அங்கேயே இருப்பதால் இல்லத்தின் பெயரை எழுதவில்லை.

பராமரிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கழிப்பறைகளை இரண்டு வேளையும் கழுவுகிறார்கள். பல் இல்லாதவர்களுக்குச் சோற்றைக் குழைய வடித்து, ரசம் ஊற்றிப் பிசைந்தே தருகிறார்கள். இரவுப் பணியில் இருக்கும் ஆயா ஒருவர், பெரியம்மாவின் குதிகால் வெடிப்புக்கு யாரும் சொல்லாமலே வேப்பெண்ணெய் தடவிவிட்டதை நேரில் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

குறை முழுவதும் அலுவலக அறையில்தான். ஆதரவற்ற முதியோருக்கு உணவு, தங்குமிடம், மருத்துவக் கவனிப்பு ஆகியவற்றை இலவசமாக அளிப்பதற்கென்று மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் திட்டத்தில் மானியம் பெறும் இல்லம் இது. அப்படியிருந்தும், சேர்த்த சில மாதங்களிலேயே மேலாளர் என்னை அழைத்து, மாதம் 4,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார். வாயால் கேட்டது கட்டணம். மேசையில் தயாராக இருந்த ரசீதில் அச்சிட்டிருந்ததோ நன்கொடை. மருந்துச் செலவு என்றும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். பெரியம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பவை. 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கின் ஏடிஎம் அட்டையையும் ஒப்படைக்கச் சொன்னார்.

மானியம் தாமதமாக வருகிறது, ஊழியர் சம்பளம் காத்திருக்காது என்று அவர் சொன்ன காரணத்தை நான் மறுக்கவில்லை. மனமுவந்து கொடுக்கச் சொல்லியிருந்தால் இயன்றதைக் கொடுத்திருப்பேன். ஆனால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி உறவினர் பணம் கட்டியே தீர வேண்டும் என்று அவர் சொன்னது சரியல்ல. அந்தச் சட்டப்படி பராமரிப்புத் தொகையை நிர்ணயிப்பது வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலான தீர்ப்பாயமே தவிர இல்ல நிர்வாகம் அல்ல. பிள்ளையில்லாத முதியவரின் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையவிருக்கும் வாரிசுக்குத்தான் அந்தப் பொறுப்பும் உண்டு. பெரியம்மாவுக்குச் சொத்து என்று எதுவும் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் பொறுப்பேற்பவர் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியதையும் அவர் காட்டினார். அமெரிக்காவில், அரசு நிதி பெறும் பராமரிப்பு இல்லங்கள் பணத்துக்கு மூன்றாம் நபரின் உத்தரவாதத்தைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று 1987லேயே சட்டம் செய்துவிட்டார்கள். இங்கும் அப்படியொரு தெளிவான விதி வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, அடுத்த முறை அதே பேச்சைப் பெரியம்மாவின் கட்டில் அருகிலேயே பேசியதுதான். அன்று மதியம் அவர் தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, "எனக்கு இதுவே போதும்னு ஆபீசுல சொல்லிடு கண்ணு" என்றார்.

பணம் எதற்கு என்பதை எழுத்தில் தருமாறு கேட்டு மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலை மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அங்கு யாரையாவது சேர்க்க நினைப்பவர்கள் கவனிப்பை நம்பிச் சேர்க்கலாம். கையெழுத்திடும் முன் படிவத்தை முழுவதும் படியுங்கள், ஏடிஎம் அட்டையைக் கொடுக்காதீர்கள், பணம் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். ஐயம் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கட்டணமின்றி விசாரிக்கலாம்.