18,000 ரூபாய்க்கு ஒரு பட்டன்: இமெயில் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

முதலில் தொகை: புடவை ஆஃபர் மெயில் செய்து தர ஓர் ஏஜென்சிக்குக் கொடுத்த 18,000 ரூபாய், முழுவதும் முன்பணம். அவர்களின் கடைசி மழுப்பல் நேற்று ராத்திரி வந்தது. பெயர் போடவில்லை. ஃப்ரீலான்ஸ் தளம் ஒன்றில் ஸ்டார்களை அள்ளி வைத்திருக்கும் சின்ன ஏஜென்சி, அவ்வளவு போதும்.

நம்ப வைத்தது ஒரு ஸ்கிரீன்ஷாட். ஓப்பன் ரேட், அதாவது மெயிலைத் திறந்தவர்களின் சதவீதம், 61%. "உங்க மெயில்ல பட்டன்தான் சார் சரியில்ல. அதை மாத்தினா ஆர்டர் கொட்டும்." அங்கேயே மடக்கியிருக்க வேண்டும். 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்த பிரைவசி வசதியை ஒருவர் போட்டுவைத்தால், மெயிலை அவர் திறக்காமலே படங்களை ஆப்பிள் இறக்கிக்கொள்ளும். படம் இறங்குவதை வைத்துத்தான் ஓப்பனை எண்ணுகிறார்கள், அதனால் கணக்கு சும்மா ஏறும். பட்டனைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

கைக்கு வந்த சரக்கு? புடவை ஆஃபர் மெயில் முழுக்க ஒரே படம், பட்டனும் அதற்குள்ளேயே வரைந்தது. படங்களைத் தடுக்கும் அவுட்லுக்கில் வெறும் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும்தான். படத்துக்குப் பதிலாகத் தெரிய வேண்டிய ஆல்ட் டெக்ஸ்ட் கூடக் கிடையாது. போனில் படம் சுருங்கி, பட்டன் எழுத்து எறும்பாகிவிட்டது. "இங்கே கிளிக் செய்யவும்" என்கிறது. எதற்கு என்று இல்லை. கீழே வாட்ஸ்அப், இன்ஸ்டா ஐகான்கள் வேறு. எதைத் தொட்டாலும் கடையின் முகப்புப் பக்கம்தான் திறக்கும், ஆஃபர் பக்கம் அல்ல.

பட்டனைப் படமாக வரையாமல், எச்டிஎம்எல் கோடில் டேபிள் செல்லாக (அட்டவணைக் கட்டமாக) கட்ட வேண்டும். நிறமும் பேடிங்கும் (எழுத்தைச் சுற்றிய இடைவெளி) செல்லுக்கு; லிங்குக்குக் கொடுத்தால் பேடிங்கைப் பழைய விண்டோஸ் அவுட்லுக் மதிக்காது, அது மெயிலை எம்எஸ் வேர்ட் எஞ்சினை வைத்துக் காட்டுவது. உயரம் 44 பிக்சல், எழுத்து 16. வாசகம் "காட்டன் புடவைகளைப் பார்க்க" என்று இருக்கலாம். விலையே தெரியாதவரிடம் "உடனே வாங்குங்கள்" என்றால் கை பின்வாங்கும். இவ்வளவுதான் வேலை. இதற்கா 18,000?

ஆர்டர் ஏன் வரவில்லை என்று கேட்டால் முதலில் "அல்காரிதம் சார்". அடுத்த வாரம் "மேனேஜர் லீவ்". பிறகு, "214 கிளிக் வந்திருக்கே, ஆர்டர் வரலேன்னா உங்க வெப்சைட் பிராப்ளம்." கிளிக் விழுந்த நேரங்களின் பதிவை (லாக்) எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அனுப்பிய சில நொடிகளுக்குள் விழுந்தவை, அன்சப்ஸ்கிரைப் லிங்கிலும் அதே நொடியில் கிளிக். கம்பெனி மெயில்களின் பாதுகாப்பு ஸ்கேனர் செய்கிற வேலை அது, மனுஷன் கை அல்ல. இதைக் காட்டியதும் நேற்றைய பதில்: "டிசைன் டெலிவரி ஆயிடுச்சு, ரீஃபண்ட் பாலிசி இல்ல." 18,000 அத்தோடு சரி.

பட்டன் எழுதுவது பற்றிப் பத்து யோசனை போட நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். டெஸ்ட் மெயில் வாங்கி, படங்களை ஆஃப் செய்து திறந்து பாருங்கள். பட்டன் காணோம் என்றால் திருப்பி அனுப்புங்கள். லிங்கில் யூடிஎம் (வந்தவர் எந்த மெயிலிலிருந்து வந்தார் என்று காட்டும் ஒட்டு) போட்டு ஆர்டரை எண்ணுங்கள், கிளிக்கை அல்ல. ஸ்கிரீன்ஷாட் காட்டினால் "லாகின் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள்.