இலவச வீடியோ எடிட்டரா? வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்

போனில் எடுத்த பிறந்தநாள் வீடியோக்களை வெட்டி ஒட்டி, பின்னணியில் கொஞ்சம் இசை, மேலே நாலு வரி எழுத்து. என் தேவை அவ்வளவுதான். ஓப்பன் சோர்ஸாகத்தான் வேண்டும், அதாவது மென்பொருளை எழுதிய மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிய வேண்டும் என்று தேடினேன். தேடலில் எல்லாவற்றுக்கும் மேலே, விளம்பரமாக வந்த பக்கத்தில் ‘முற்றிலும் இலவசம், ஓப்பன் சோர்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வித்தையை வேறு பெயர்களிலும் காட்டுகிறார்கள்.

எடிட் செய்து முடிக்கும்வரை ஒரு குறையும் இல்லை, உண்மையில் நன்றாகவே இருந்தது. காசு கேட்பதைக் கடைசிப் பொத்தான் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். உழைப்பையெல்லாம் கொட்டிய பிறகு எவன் விட்டுவிட்டுப் போவான்? முடித்த வீடியோவைத் தனிக் கோப்பாக எடுக்க எக்ஸ்போர்ட்டை அழுத்தியதும் படத்தின் நடுவில் பட்டையாக வாட்டர்மார்க் முத்திரை. அதை நீக்க மாதச் சந்தா. ‘ஓப்பன் சோர்ஸ் என்றீர்களே, மூலநிரல் எங்கே, எந்த உரிமம்?’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலாக ஒரு தள்ளுபடி கூப்பன் வந்தது!

சரி, செய்த வேலையையாவது வேறு எடிட்டருக்குக் கொண்டுபோகலாம் என்றால், அந்த ப்ராஜெக்ட் கோப்பு வேறெதிலும் திறக்கவில்லை. ஷாட்கட், கெடென்லைவ் என்ற ஓப்பன் சோர்ஸ் எடிட்டர்களின் கோப்புகள் அப்படியில்லை. அவை எக்ஸ்எம்எல் என்ற வெறும் எழுத்து வடிவில் இருப்பதால், நோட்பேடில் திறந்தாலே எந்த வீடியோவை எங்கிருந்து எங்கே வரை வெட்டினோம் என்று தேடிப் பிடித்துவிடலாம்.

ஷாட்கட், கெடென்லைவ், ஓப்பன்ஷாட் மூன்றும் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வருபவை. ஜிபிஎல் மென்பொருளைக் காசுக்கு விற்கத் தடை இல்லை. ஆனால் வாங்கியவருக்கு மூலநிரல் கிடைத்தாக வேண்டும், அதை மாற்றிப் பகிரும் உரிமையும் உண்டு. அப்படியிருக்க அதில் வாட்டர்மார்க் பூட்டு போட்டால், நிரல் தெரிந்த யாராவது அதைக் கழற்றிவிட்டு வெளியிடுவார்கள். ‘ஓப்பன் சோர்ஸ், ஆனால் வாட்டர்மார்க்கை நீக்கக் காசு’ என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

காசில்லாமல் கிடைப்பதெல்லாம் ஏமாற்று என்று சொல்லவில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டரின் இலவசப் பதிப்பு சாதாரண வேலைகளுக்கு வாட்டர்மார்க் போடாது. அது ஓப்பன் சோர்ஸ் இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

டவுன்லோட் செய்யும்போது விளம்பரம் என்று குறித்த முடிவுகளைத் தாண்டி, அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். 2023 தொடக்கத்தில் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ், வீடியோ பார்க்கும் விஎல்சி ஆகியவற்றின் பெயர்களில் போலித் தளங்கள் கூகுள் விளம்பரம் வழியாகவே தீம்பொருளைப் பரப்பின. வாட்டர்மார்க்கோடு போனதே பரவாயில்லை என்று தோன்றுகிறது. அப்புறம், எந்த எடிட்டராக இருந்தாலும் முதலில் ஒரு சின்னத் துண்டைப் போட்டு எக்ஸ்போர்ட் வரை போய்ப் பாருங்கள். உள்ளே ஏதாவது ஒளிந்திருந்தால் அங்கேதான் வெளியே வரும்.

கடைசியில் ஷாட்கட்டில் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். எழுத்து சேர்ப்பதற்குக்கூட ஃபில்டருக்குள் போக வேண்டும் என்பது ஆரம்பத்தில் எரிச்சல்தான், பழகிவிடும். போன் வீடியோக்களில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது, அதனால் ஒலி படத்தோடு சேராமல் விலகலாம். எடிட்டுக்கு ஏற்ற வடிவில் மாற்றட்டுமா என்று ஷாட்கட்டே கேட்கும், சரி என்று சொல்லுங்கள். பழைய கணினி என்றால் கெடென்லைவின் ப்ராக்ஸி வசதி (எடிட் செய்யும்போது மட்டும் வீடியோவின் எடை குறைந்த நகலைப் பயன்படுத்துவது) கைகொடுக்கும். முன்னும் பின்னும் நறுக்கினால் போதும் என்றால் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளே போதும். வீடியோவை மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது புதிதாக உருவாக்காமல், இருப்பதை அப்படியே எடுப்பதால் சட்டென்று முடியும். வெட்டு மட்டும் சில சமயம் நினைத்த இடத்துக்குச் சற்று முன்பின் விழும்.

நான் கார்டு எண் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் கவனியுங்கள்: மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது. கணக்கில் உள்நுழைந்து அதைத் தனியாக ரத்து செய்து, உறுதி செய்யும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.