620 பவுண்டு போச்சு: பழைய தங்க மோதிரம் வாங்குபவர்களுக்கு

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பர்மிங்ஹாமில். திருமண நாளுக்காகப் பழைய நகை விற்கும் ஓர் இணையக் கடையில் மனைவிக்கு மோதிரம் எடுத்தேன். 1925ஆம் வருடத்தது, 18 காரட், விலை 620 பவுண்டு என்று போட்டிருந்தார்கள். படத்தில் உள்பக்கம் தர முத்திரைகள்: நங்கூரம், கிரீடம், பெரிய ‘ஏ’ எழுத்து. காரட் எண் மட்டும் மங்கல். போன் செய்து கேட்டேன்.

“அளவு மாற்றினபோது தேய்ந்துவிட்டது சார். கிரீடம் இருக்கிறதே, 18க்கும் 22க்கும்தானே கிரீடம் அடிப்பார்கள்?”

அவ்வளவு பொறுமையான குரல். முத்திரை அடித்த வருடத்தை ஓர் எழுத்து காட்டும்; நானும் அந்த வருட எழுத்து அட்டவணையைப் பார்த்தேன். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், அங்கே 1925க்குப் பெரிய ‘ஏ’. எல்லாம் பொருந்தியது. உடனே பணம் கட்டினேன்.

நேற்று மெருகு போட நகைப்பட்டறைத் தெருவில் கொடுத்தேன். பெரியவர் லென்ஸை வைத்துப் பார்த்துச் சிரித்தார். 375. அதாவது 9 காரட், நான் காசு கொடுத்த தங்கத்தில் பாதி! கிரீடம் 18க்கும் 22க்கும் மட்டும் என்பது 1974 வரைதான். 1975 முதல் 9 காரட்டுக்கும் கிரீடம் உண்டு. அந்த வருடம்தான் தங்கத்தைச் சோதித்து முத்திரை அடிக்கும் எல்லா அலுவலகங்களும் ஒன்றாக மறுபடி ‘ஏ’யில் தொடங்கின. ஆக, என் மோதிரம் 1925 இல்லை, 1975! 916 பார்த்தே வளர்ந்த நமக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

கடைக்குப் போன் செய்தால், “14 நாள் தாண்டிவிட்டது.” திருமண நாள் வரை பீரோவில் ஒளித்து வைத்தது என் தப்பாம். மறுபடி கேட்டால், “முத்திரை அசல்தானே, போலி இல்லையே?” மூன்றாம் முறை, “காலம் பற்றிச் சொன்னது எங்கள் கருத்து மட்டுமே.” காரட்டுமா கருத்து? அப்புறம் போனையே எடுக்கவில்லை. 620 பவுண்டு!

விவரமாகக் குறிப்புகள் எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. எழுத்தை மட்டும் வைத்து வருடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே எழுத்து சுற்றிச் சுற்றி வரும், எழுத்தின் வடிவமும் சுற்றியுள்ள கட்டமும் பொருந்த வேண்டும். 15 காரட் முத்திரை 1932இலேயே நின்றுவிட்டது, அதற்குப் பிந்தைய நகை என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள். எண் மங்கலாக இருந்தால் வாங்கவே வேண்டாம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.