நாலாவது பிளேடு: புல்வெட்டியோடு 7 ஆண்டுகள்

என்னிடம் இருப்பது கையால் தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் புல்வெட்டி. பிளேடு 21 அங்குலம். வாங்கி 7 ஆண்டுகள் ஆகின்றன, இப்போது ஓடுவது நாலாவது பிளேடு. முன்னதான மூன்றில் இரண்டு என் கைங்கரியத்தால் போயின.

முதல் 2 ஆண்டுகள் பிளேடு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. இயந்திரம் ஓடுகிறது, புல் குறைகிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் வெட்டிய மறுநாள் புல்தரை சாம்பல் பூத்தாற்போல் வெளிறிக் கிடக்கும். தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன். உரம் போட்டேன். பூஞ்சையாக இருக்குமோ என்று மருந்துகூட அடித்தேன். ஒரு நாள் ஒரு புல்லைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: நுனி வெட்டுப்படவே இல்லை, பிய்ந்து நார் நாராகத் தொங்கியது. அந்த நார் காய்ந்துதான் வெளுக்கிறது. பிய்ந்த இடத்தில் ஈரம் வேகமாகப் போகும், நோயும் சுலபமாக நுழையும். கூரான பிளேடு வெட்டிய புல்லின் நுனி கத்தரித்தது போல நேராக இருக்கும். பிளேடு மழுங்கியதா என்று பார்க்க இயந்திரத்தைக் கவிழ்க்க வேண்டியதே இல்லை, ஒரு புல் போதும்.

சரி, கழற்றுவோம் என்று இறங்கினேன். ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டேன். பிளேடைக் கையால் சுற்றினால்கூட எஞ்சின் ஒரு அடி அடிக்கலாம், விரல் போய்விடும். பேட்டரி வண்டி என்றால் பேட்டரியையே எடுத்துவிட வேண்டும். இதுவரை சரியாகச் செய்தேன். சாய்த்ததில் கோட்டை விட்டேன். ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும். நான் கீழே போகும்படி சாய்த்ததில் எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, திரும்ப ஸ்டார்ட் செய்தபோது வெள்ளைப் புகை மூட்டம்.

நடு போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. பிளேடு சுழலாமல் ஒரு மரக்கட்டையை அடியில் முட்டுக்கொடுத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் நீளமான ஸ்பேனருக்கு வழிவிடும். பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கம் சுற்றினால் கழலும். சிலவற்றில் எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும், கையேட்டைப் பார்த்துவிட்டு முக்குங்கள்.

அப்புறம் கிரைண்டர். பொறி பறக்க இரண்டே நிமிடத்தில் பளபளவென்று கூர் வந்தது. விளிம்பு மட்டும் நீலம் பாரித்திருந்தது, அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்! சூட்டில் எஃகின் பதம் போய்விட்டதன் அடையாளம் அது. இரண்டு முறை புல் வெட்டுவதற்குள் விளிம்பு மடங்கிப் பழையபடி மொண்ணையாகிவிட்டது. முதல் பிளேடு அதோடு முடிந்தது. கிரைண்டரில் தேய்ப்பவர்கள் லேசாகத் தொட்டுத் தொட்டு, இடையிடையே தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அதன்பின் அரம்தான். 12 அங்குலத் தட்டை அரம் ஒன்று, பிளேடைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், தோல் கையுறை. சரிவு உள்ள மேல்பக்கத்தை மட்டும் அராவ வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோணத்தை, ஏறத்தாழ 30 பாகை, அப்படியே பின்பற்றினால் போதும். முன்னால் தள்ளும்போது அழுத்தம், பின்னால் வரும்போது தூக்கிவிட வேண்டும். பக்கத்துக்கு 40, 50 தள்ளு. அடிப்பக்கம் எழும் பிசிறை அரத்தால் லேசாகத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. சவரக் கத்தி மாதிரி தீட்ட ஆசை வரும், வேண்டாம். அவ்வளவு மெல்லிய விளிம்பு முதல் சிறு கல்லிலேயே பொக்கை விழுந்துவிடும்.

நான் வெகுநாள் அலட்சியம் செய்தது சமநிலையை. சுவரில் ஓர் ஆணி அடித்து, பிளேடின் நடுத் துளையை அதில் மாட்டினால் கனமான பக்கம் கீழே இறங்கும். அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவி, இரண்டும் கிடையாக நிற்கும்வரை பார்க்க வேண்டும். பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஒரு பக்கம் சற்றே கூடினாலும் கைப்பிடி அதிர்ந்து உள்ளங்கை மரத்துப்போகும், பிளேடைச் சுழற்றும் எஞ்சின் தண்டான கிராங்க் ஷாஃப்டும் அடி வாங்கும். வண்டி பழசாகிவிட்டது என்று நான் குறைபட்டுக்கொண்ட அதிர்வு, ஆணி அடித்த அன்று பெரும்பாலும் நின்றுபோனது.

இரண்டாவது பிளேடு மண்ணுக்குள் மறைந்திருந்த மரவேரில் மோதி வளைந்தது. எஞ்சினும் கிளம்பவில்லை. எஞ்சினின் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் ஷாஃப்டையும் பூட்டி வைக்கும் ‘சாவி’ என்ற சின்ன உலோகத் துண்டு அறுந்து, தீப்பொறி விழும் நேரம் தப்பிப்போயிருந்தது. சாவியை மாற்றியதும் ஓடியது. வளைந்த பிளேடைச் சுத்தியலால் நிமிர்த்தத் துணியாதீர்கள், விரிசல் விட்டுப் பறந்தால் யார் காலில் பாயும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவதைப் 3 ஆண்டுகள் அரத்தாலேயே ஓட்டினேன். 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றுவேன். கூர் கடைசிவரை நன்றாகவே இருந்தது, தேய்ந்தது பின்விளிம்பில் மேல்நோக்கி வளைந்திருக்கும் இறக்கை. காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்தி நிறுத்துவது அதுதான். மணல் பட்டுப் பட்டு அங்கே தகடு மெலிந்துகொண்டே வந்து, தகரம் போல் ஆனதும் மாற்றிவிட்டேன். கூர் எத்தனை முறையும் வரும், மெலிந்த தகடு திரும்பி வராது.

புதிது வாங்கும்போது முனைக்கு முனை நீளத்தோடு நடுத் துளையின் வடிவத்தையும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒன்றில் வட்டம், இன்னொன்றில் நட்சத்திரம். மாட்டும்போது இறக்கை இயந்திரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். ஒருமுறை தலைகீழாக மாட்டிவிட்டு, புதுப் பிளேடு ஏன் புல்லைத் தடவிக்கொடுக்கிறது என்று ஒரு காலை முழுக்கத் திகைத்தேன். இம்முறை இரண்டாக வாங்கினேன். ஒன்று ஓடுகிறது, இன்னொன்று கூர் போட்டு அந்த ஆணியிலேயே தொங்குகிறது.